உம்மா சொல்லச் சொன்னது

எங்கள் ஊர்ப் பெண்கள் தூரப் பயணம் போகிற நாளில் காலைத் தேநீர் குடிப்பதில்லை. குடிக்கக் கூடாதென்று யாரும் சொல்லி வைத்ததல்ல. வாகனம் எங்கே நிற்கும், நிற்கிற இடத்தில் கதவுள்ள கக்கூஸ் ஒன்று இருக்குமா, இருந்தால் உள்ளே தண்ணீர் இருக்குமா என்பதெல்லாம் தெரியாதபடியால் அவர்களாகச் செய்துகொண்ட ஏற்பாடு. எனக்கு ஒன்பது வயதாயிருந்தபோது, கல்முனையிலிருந்து பாணமைக்கு அப்பாலுள்ள பறவைக் காட்டுக்கு நாங்கள் போனோம். அந்தப் பயணத்துக்காக உம்மா முதல் நாள் மஃரிப் தொழுகைக்குப் பிறகு ஒரு மிடறு தண்ணீரும் குடிக்கவில்லை. நானோ காலையில் இரண்டு கோப்பை பால் தேநீர் குடித்தேன். எனக்கு ஒரு வேலி மறைவு போதும். அந்த வித்தியாசத்தைப் பற்றி நான் யோசித்ததே இல்லை.

பயணத்தை ஒழுங்கு செய்தவர் சின்ன மாமா. உம்மாவின் கடைசித் தம்பி. கட்டாரிலிருந்து லீவில் வந்திருந்தார், இன்னும் கல்யாணம் ஆகவில்லை. வரும்போது முழங்கை நீளத்துக்கு மூக்கு வைத்த ஒரு கமெரா கொண்டுவந்திருந்தார். எங்கள் வீட்டுக் கூரையில் வந்திருந்த காகங்களையெல்லாம் படம்பிடித்து முடித்தபின், இனிப் பெரிய பறவை வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. பாணமைக்குத் தெற்கே கடலோரக் காட்டுக்குள் ஒரு வில்லு இருக்கிறது, கண்டல் மரங்கள் சூழ்ந்த ஆழமில்லாத நீர்நிலை, அங்கே இப்போது கொக்கும் நாரையும் கூடு கட்டுகிற காலம் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். மாமாவின் கூட்டாளி ஒருவரிடம் வான் இருந்தது. அவரே ஓட்டி வருவதாக ஒப்புக்கொண்டார்.

வாப்பாவுக்குப் பயணம் என்றால் உயிர். பாடசாலையில் புவியியல் படிப்பித்தவர். வாகனம் ஒரு பாலத்தைக் கடந்தால் அது எந்த ஆறு, எந்தக் குளத்திலிருந்து வருகிறது, எந்த வெளிக்குப் பாய்கிறது என்று சொல்லாமல் அவரால் இருக்க முடியாது. உம்மா அப்படியல்ல. வீட்டை விட்டுப் புறப்படுவதென்றாலே முகம் சிறுத்துவிடும். ஆனாலும் வாப்பா கூப்பிட்டால் போவார். அந்த நாள் வரைக்கும் போனார்.

நாங்கள் ஐந்து பேர். பெண்ணென்று சொல்ல உம்மாவும் நானும்தான். நான் இன்னும் அந்தக் கணக்கில் சேரவில்லை.

சுபஹு தொழுதுவிட்டுப் புறப்பட்டோம். அக்கரைப்பற்றைத் தாண்டி எண்ணெய் அடிக்க நின்ற இடத்தில் வாப்பா திரும்பிப் பார்த்து, உம்மாவிடம் மெதுவாக, இறங்குகிறாயா என்று கேட்டார். கக்கூஸுக்குப் போகிற வழியில் லொறிக்காரர்கள் நாலைந்து பேர் குந்தியிருந்து பாண் தின்றுகொண்டிருந்தார்கள். உம்மா வேண்டாமென்று தலையை ஆட்டினார். பொத்துவிலில் பள்ளிவாசலுக்கு முன்னால் வான் நின்றது. ஆண்கள் மூவரும் போய், ஆறுதலாக முகமெல்லாம் கழுவிக்கொண்டு, புது மனிதர்களாக வந்தார்கள். அங்கே பெண்களுக்கென்று இடம் இருக்கவில்லை. வாப்பா மறுபடியும் கேட்டார்.

“இஞ்ச எனக்குத் தெரிஞ்ச வாத்தியார் ஒராள்ர வீடு இரிக்கி. போய்க் கேப்பமா?”

“முதல் முதலாப் போற வீட்டுல போய் அதையா கேக்கிற?” என்றார் உம்மா.

மாமா சிரித்தார். வாப்பாவும் சிரித்தார். உம்மா சிரிக்கவில்லை, ஆனால் அவருடைய முகத்தில் அப்போது கோபமும் இல்லை.

அறுகம்குடாவில் வாப்பா தானாகவே இறங்கிப் போய் ஒரு சாப்பாட்டுக் கடையில் கேட்டுவிட்டு வந்தார். கடைக்காரப் பொடியன் தாராளமாக வரச் சொன்னானாம். உம்மா இறங்கி, ஹபாயாவைச் சரிசெய்துகொண்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். கக்கூஸ் கடையின் பின்பக்கம், கடலைப் பார்த்தபடி இருந்தது. அதற்குப் போகும் வழியில் வெள்ளைக்காரர்கள் சாய்மனைகளில் கிடந்து வெயில் காய்ந்துகொண்டிருந்தார்கள். அவர்களுடைய உடுப்பைப் பற்றிச் சொல்வதற்கு அதிகமில்லை. அவர்களில் ஒரு பெண் எங்களைப் பார்த்து அன்பாகச் சிரிக்கவும் செய்தாள். ஆனால் உம்மாவின் கால் அதற்கு மேல் போகவில்லை. அப்படியே திரும்பினோம். வானுக்குள் ஏறியதும் உம்மா சொன்னார்: “எனக்கு அவ்வளவு அவசரமில்ல. நீங்க எடுங்க.”

பாணமையில் வானை ஒரு மரத்தடியில் விட்டுவிட்டு ஜீப்புக்கு மாறினோம். ஜீப்காரர் பாணமையைச் சேர்ந்தவர். அந்த ஊர்க்காரர் பலரைப் போல ஒரே மூச்சில் தமிழும் சிங்களமும் கதைத்தார். அங்கே வாப்பா எல்லோருக்கும் செவ்விளநீர் வெட்டச் சொன்னார். உம்மா வேண்டாமென்றார். வாப்பா கேட்கவில்லை. “வெயில் ஏறப் போகுது. வெறும் வயித்தோட வந்து மயங்கி விழுந்தா என்ன செய்யிற? குடி புள்ள, எனக்காகக் குடி” என்று கையில் கொடுத்தார். உம்மா குடித்தார். முழுவதும் குடித்தார். அது வாப்பாவின் அக்கறை. அந்த அக்கறைதான் அன்று பகல் உம்மாவைப் படுத்தியது.

காட்டு வாசலில் ஒரு மலசலகூடம் இருந்தது, வாப்பாவே அதைக் காட்டிப் போகிறாயா என்று கேட்டார். நல்ல கட்டடம், ஆண் படமும் பெண் படமும் தனித்தனியாகப் போட்டிருந்தது. கையில் தண்ணீர்ப் போத்தலோடு நானும் உம்மாவும் அதை நோக்கி நடந்தோம். ஆனால் எங்களுக்கு முன்னே ஒரு பஸ் நிறைய இளைஞர்கள் வந்திறங்கியிருந்தார்கள். அந்தக் கட்டடத்தின் நிழல்தான் அங்கே இருந்த ஒரே நிழல். பெண்கள் பக்கத்துப் படியில் வரிசையாக உட்கார்ந்து, ஒருவன் பறை போல ஒரு வாளியைத் தட்ட, மற்றவர்கள் பாடிக்கொண்டிருந்தார்கள். எங்களைக் கண்டதும் பாட்டு நின்றது. மரியாதைக்காகத்தான் நிறுத்தினார்கள் என்று இப்போது தோன்றுகிறது. நிறுத்தாமல் பாடிக்கொண்டிருந்தால் உம்மா போயிருப்பார். அந்த அமைதியில் இருபது பேர் பார்க்க, கையில் தண்ணீரோடு, அவரால் படியேற முடியவில்லை.

“வரக்குள்ள பாப்பம்” என்றார் என்னிடம். வாப்பாவிடமும், போய் வந்துவிட்டதுபோல ஒரு முகத்தோடு, ஜீப்பை எடுக்கச் சொன்னார்.

அந்த ஜீப்பின் அமைப்பைச் சொல்ல வேண்டும். முன்னால் ஜீப்காரர் இருக்கிற இடம் ஒரு தனிக் கூடு. பின்னால் உயரத்தில், கூரையும் கம்பிகளும் மட்டும் உள்ள திறந்த பகுதியில் மூன்று வரிசை ஆசனம். வாப்பாவுக்கு முழங்கால் நோவு இருந்ததால் உயரத்தில் ஏறாமல் கீழே ஜீப்காரருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். முதல் வரிசையில் நான். நடு வரிசையில் மாமாவும் கூட்டாளியும். அந்நிய ஆண் ஒருவர் இருப்பதால் உம்மா கடைசி வரிசையில் தனியாக இருந்தார். நான் கம்பியில் வயிற்றை வைத்துக் கீழே எட்டினால் யன்னலோரம் வாப்பாவின் தலை தெரியும், கூப்பிட்டால் கேட்கும். பின்னாலிருந்து உம்மா கூப்பிட்டால் இயந்திரச் சத்தத்தில் யாருக்கும் கேட்காது.

உள்ளே போனதும் முதலில் மயில்கள் வந்தன. பிறகு மான்கள். பிறகு ஒரு குளத்தில் எருமைகளும் அவற்றின் முதுகில் கொக்குகளும். எங்கள் பக்கத்து வயல்வெளிகளில் நான் காணாதது அதிகமில்லை. ஆனால் மாமா ஒவ்வொன்றுக்கும் ஜீப்பை நிறுத்தச் சொல்லிப் படம்பிடித்தார். கிறவல் பாதை மழைக்காலத்தில் அரித்துப்போன குழிகளோடு அப்படியே காய்ந்து கிடந்தது. ஒவ்வொரு குழிக்கும் நாங்கள் எழும்பி விழுந்தோம். எனக்கு அது ஊஞ்சல் மாதிரி இருந்தது. திரும்பிப் பார்த்தபோது உம்மா இரண்டு கையாலும் முன்கம்பியைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி, வாய்க்குள் எதையோ ஓதிக்கொண்டிருந்தார். வெயிலுக்கு என்று நினைத்தேன்.

வில்லுக்குப் போகும் வழியில் எதிரே வந்த ஒரு ஜீப் எங்களுக்குப் பக்கத்தில் நின்றது. இரண்டு ஜீப்காரர்களும் சிங்களத்தில் கதைத்தார்கள். எங்கள் ஜீப்காரர் தலையை வெளியே நீட்டி மேலே பார்த்துச் சொன்னார்: பக்கத்துப் பாதையில், ஒரு பாலை மரத்தில் கரடி ஏறிப் பழம் தின்கிறது. பாலைப்பழம் பழுக்கிற காலத்தில் மட்டும்தான் அப்படிப் பகலில் காணலாம். சில பேர் பத்துத் தரம் வந்தும் காணாத காட்சி. ஆனால் கெதியாகப் போக வேண்டும்.

எனக்கு உடம்பெல்லாம் கரடி ஆகிவிட்டது. அந்த நேரத்தில்தான் உம்மா என்னைக் கூப்பிட்டார். கூட்டாளியின் முழங்காலைக் கடந்து, கம்பிகளைப் பிடித்துப் பிடித்து, விருப்பமில்லாமல் பின்னால் போனேன். உம்மா என் தலையை இழுத்துக் காதுக்குள் சொன்னார்.

“மகள், வாப்பாட்டப் போய்ச் சொல்லு. எனக்கு இனி ஏலா. எங்கயாவது மறைவாப் பாத்து நிப்பாட்டச் சொல்லு. மத்த ஆக்களுக்குக் கேக்காமச் சொல்லு.”

என் மணிக்கட்டைப் பிடித்திருந்த அவருடைய கை, அந்த வெயிலிலும் குளிர்ந்திருந்தது.

நான் முன்னால் போனேன். கம்பியில் வயிற்றை வைத்து எட்டினேன். வாப்பா தலையை வெளியே நீட்டி, நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். புருவமெல்லாம் செம்புழுதி. “என்ன மகள்?” என்றார். ஜீப் அப்போதுதான் பக்கத்துப் பாதையில் திரும்பியது. தூரத்தில் வேறு இரண்டு ஜீப்புகள் நின்றன. அவற்றுக்கு மேலே ஒரு பெரிய மரத்தின் ஒரு கிளை மட்டும், காற்றே இல்லாத நேரத்தில், ஆடிக்கொண்டிருந்தது.

உம்மா சொன்னதை நான் மறக்கவில்லை. இத்தனை வருடமாக என்னை நானே பல விதமாகக் காப்பாற்றப் பார்த்திருக்கிறேன். மறந்துவிட்டேன் என்று மட்டும் சொல்ல முடியாது. சொன்னால் வாப்பா நிறுத்துவார் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தபடியால்தான் சொல்லவில்லை. அதற்குப் பதிலாக, “வாப்பா, கரடி இன்னும் எவ்வளவு தூரம்?” என்று கேட்டேன்.

வாப்பா கையை வெளியே நீட்டி, கம்பியில் இருந்த என் விரல்களில் தட்டினார். “கொஞ்சம் பொறு மகள். கிட்டத்தான்” என்றார். பிறகு முன்னால் திரும்பிக்கொண்டார்.

நான் பின்னால் போய் உம்மாவின் காதில் சொன்னேன்: “கொஞ்சம் பொறுக்கட்டாம். கிட்டத்தானாம்.”

உம்மா என்னையே பார்த்தார். “ஏலா எண்டு சொன்னியா?”

“ஓம் உம்மா. சொன்னன்.”

அவர் வேறொன்றும் கேட்கவில்லை. வாப்பா கையை நீட்டியதையும், ஏதோ சொன்னதையும், பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டதையும் அங்கிருந்து அவர் கண்ணால் கண்டிருக்கிறார். அதற்கு மேல் சாட்சி எதற்கு?

கரடியைக் கண்டோம். எங்களுக்குப் பின்னால் இன்னும் ஒரு ஜீப் வந்து நின்றதால் ஒடுங்கிய பாதையில் முன்னும் போக முடியாது, பின்னும் போக முடியாது. எல்லோரும் இயந்திரத்தை நிறுத்தினார்கள். இருபது நிமிடமாவது இருக்கும். யாரும் மூச்சுவிடவில்லை. உம்மா அப்போது வாய் திறந்து கூப்பிட்டிருந்தால் நாலு ஜீப்புக்கும் கேட்டிருக்கும். ஆகவே அவர் கூப்பிடவில்லை. கரடி ஆறுதலாகத் தின்றது. பிறகு, மாமரத்திலிருந்து இறங்கும் ஒரு பருத்த மனிதரைப் போல, பின்பக்கத்தைக் காட்டிக்கொண்டு, கால் வைக்க இடம் தேடித் தேடி இறங்கியது. நான் சிரிப்பை அடக்க இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டேன். மாமாவின் கமெரா ஓயாமல் சொடுக்கியது. கரடி காட்டுக்குள் மறைந்ததும் நாலு ஜீப்பிலிருந்தும் ஒரே சத்தம். நான் உம்மாவைத் திரும்பிப் பார்த்து, “கண்டீங்களா? கண்டீங்களா?” என்று கத்தினேன். உம்மா குனிந்திருந்தார்.

ஜீப் புறப்பட்டு முதல் குழியில் விழுந்து எழும்பியது. அப்போதுதான் பின்னால் தண்ணீர் கொட்டுகிற சத்தம் கேட்டது. நாங்கள் கொண்டுவந்த ஐந்து லீற்றர்த் தண்ணீர்ப் போத்தல் உம்மாவின் மடியில் மூடியில்லாமல் கவிழ்ந்து கிடந்தது. அவருடைய ஹபாயா இடுப்புக்குக் கீழே முழுவதும் நனைந்து, ஆசனத்திலிருந்து தரைக்கு வழிந்து, எங்கள் செருப்புகள் வரைக்கும் தண்ணீர் ஓடி வந்தது.

“என்ன ராத்தா! இரிந்த தண்ணி எல்லாத்தையும் ஊத்திட்டீங்களே!” என்றார் மாமா.

ஜீப் நின்றது. வாப்பா இறங்கி வந்து பார்த்தார். வெயிலும் புழுதியும் தாகமும் அவருக்கும்தான். “ஒரு போத்தலப் புடிச்சிக்கிட்டு இரிக்க ஏலாமப் போச்சா உனக்கு?” என்று கேட்டார். வாப்பா உம்மாவிடம் சத்தம் போட்டுப் பேசுவது குறைவு. அன்று, அந்நியர் முன்னால், கொஞ்சம் சத்தமாகத்தான் கேட்டார்.

“கை வழுக்கிட்டு” என்றார் உம்மா.

“உம்மா எப்பவும் இப்பிடித்தான்” என்று சொன்னது நான். எல்லோரும் சிரித்தார்கள்.

அந்தப் போத்தல் வழுக்கவில்லை. உம்மாவே அதை எடுத்து, மூடியைத் திறந்து, தன்மேல் ஊற்றிக்கொண்டார். அதற்குச் சற்று முன்பே அவர் நனைந்திருந்தார். அதை மறைப்பதற்கு அந்தக் காட்டில் அவருக்கு வேறு ஒன்றும் கிடைக்கவில்லை. இது எனக்கு விளங்க ஐந்தாறு வருடம் ஆனது.

வில்லில் பறவைகள் ஏராளமாக இருந்திருக்கும். எனக்கு அவற்றில் ஒன்றும் நினைவில்லை. நினைவிருப்பது திரும்பி வந்தபின் பாணமைக் கடற்கரை. வானுக்குப் போகுமுன் கடலைப் பார்ப்போம் என்று மாமா சொன்னார். நாங்கள் மணலில் நின்றுகொண்டிருக்க, உம்மா யாரிடமும் சொல்லாமல், உடுத்த உடுப்போடு நேரே கடலுக்குள் நடந்தார். கடலோர ஊரில் பிறந்தும் காலைக்கூட நனைக்காதவர். இடுப்பளவு தண்ணீரில் நின்று, உட்கார்ந்து எழும்பி, உட்கார்ந்து எழும்பி, மூன்று தரம் தலை முழுகினார். வாப்பாவுக்கு வந்த சந்தோசத்தைச் சொல்ல முடியாது. “பாரு மகள், பாரு! உங்கட உம்மாவும் கடல் குளிக்கிறா!” என்று என் தோளைப் பிடித்து உலுக்கினார். உம்மா கரையேறியதும் வாப்பா தன் துவாயை எடுத்துக்கொண்டு ஓடிப்போய் அவருடைய தோளில் போர்த்தினார். உம்மா அந்தத் துவாயை எடுத்து, மடித்து, வாப்பாவின் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். பிறகு ஒரு தோணிக்குப் பின்னால் உட்கார்ந்து உடுப்பைக் காயவிட்டு, கிப்லா எந்தப் பக்கம் என்று என்னிடம் கேட்டு, அசர் தொழுதார்.

மூன்றாம் நாள் உம்மாவுக்குக் குளிர்க் காய்ச்சல். இடுப்பைப் பிடித்துக்கொண்டு புரண்டார். ஆஸ்பத்திரியில் கட்டில் கொடுத்து மறித்துவிட்டார்கள். பின்னேரம் நானும் வாப்பாவும் பார்க்கப் போனபோது, கட்டிலடியில் நின்ற தாதி வாப்பாவைக் கண்டதும், சலத்தில் கிருமி என்றும், தண்ணீர் குடிக்காமல் நாள் முழுக்க அடக்கி வைத்தால் இப்படித்தான் வரும் என்றும் ஏசுவதுபோலச் சொல்லிவிட்டுப் போனார்.

வாப்பா கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தார். “அண்டைக்கா?” என்றார். “ஏன் புள்ள எனக்கிட்ட ஒரு வார்த்த சொல்லல்ல?”

உம்மா வாப்பாவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். என்மேல் சந்தேகப்பட்டல்ல, கேட்டாயா இந்தக் கதையை என்று, நடந்ததை அறிந்த ஒருத்தியைப் பார்க்கிற பார்வை அது. தாதியின் முன்னால் நல்ல பெயர் எடுக்க வாப்பா தெரியாததுபோல் நடிக்கிறார் என்று அவர் நினைத்திருக்கிறார். நான் என் செருப்பின் வாரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அப்போது ஒரு சொல் போதும். நான் சொல்லவில்லை. சொன்னால் அடி விழும் என்று பயந்தேன். உம்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அதன்பிறகு உம்மா எங்கேயும் போகவில்லை. நுவரெலியாவுக்குப் போகவில்லை. புத்தளத்தில் நடந்த சொந்தக்காரக் கல்யாணத்துக்குப் போகவில்லை. முதலில் காய்ச்சல் வந்த உடம்பு என்றார். பிறகு முழங்கால் என்றார். பிறகு காரணமே சொல்லாமல், “நீங்க போய்ட்டு வாங்க” என்றார். வீட்டில் சண்டை என்று ஒன்றும் இருக்கவில்லை. வாப்பாவுக்கு நேரத்துக்குச் சோறு இருந்தது, உடுப்பு மடித்து இருந்தது. அவரிடம் எதையும் கேட்பதை மட்டும் உம்மா விட்டுவிட்டார். தனக்கு வேண்டியதை, மாமா லீவில் வந்தால் அவரிடம் சொன்னார், என்னிடம் சொன்னார், இல்லாவிட்டால் வேண்டாமென்று இருந்தார். வாப்பாவோ வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் உம்மா பாணமையில் கடல் குளித்த கதையைச் சொல்வார். அவருக்கு அது உம்மாவின் மிகச் சந்தோசமான நாள். உம்மா தேநீர் வைத்துவிட்டு உள்ளே போய்விடுவார்.

ஓய்வு பெற்றதும் வாப்பா மக்காவுக்கு உம்ரா போக ஆசைப்பட்டார். உம்மாவுக்கும் சேர்த்துக் கடவுச்சீட்டு எடுத்தார். கடைசியில் தன் தங்கையோடுதான் போய்வந்தார். புறப்படுவதற்குச் சில நாட்களுக்கு முன், வாசலில் என் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தவர், தலையை நிமிர்த்தாமல் கேட்டார்: “உம்மா ஏன் மகள் என்னோட எங்கயும் வாறல்ல? உனக்கிட்ட ஏதும் சொல்லியிரிக்காவா?”

எனக்கு அப்போது பதினேழு வயது. அந்தப் போத்தல் விசயம் விளங்கியிருந்தது. மற்றதும் பாதி விளங்கியிருந்தது. “தெரியா வாப்பா” என்றேன்.

வாப்பா மௌத்தாகி இரண்டு வருடமாகிறது. ஜனாஸாவை எடுக்குமுன், பெரிய வாப்பா, வாப்பாவின் நானா, அறை வாசலில் நின்று, தம்பியின் மேல் ஏதும் மனக்குறை இருந்தால் பொறுத்துக்கொள்ளும்படி உம்மாவிடம் கேட்டார். “நான் எப்பவோ மன்னிச்சிட்டன்” என்றார் உம்மா. எல்லோரும் சொல்கிற வார்த்தைதான். பெண்கள் அழுதார்கள். நானும் அழுதேன்.

வாப்பாவுக்காக உம்மா வீட்டுக்குள்ளேயே இத்தா இருந்த காலத்தில், ஒரு பின்னேரம், நான் பக்கத்தில் உட்கார்ந்து உம்மாவின் தலைமயிரைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தேன். உம்மா வாப்பாவைப் பற்றிக் கதைத்தார். இருபத்தெட்டு வருடத்தில் ஒரு நாள்கூடக் கையோங்காத மனிதர் என்றார். பிறகு, “ஒரே ஒரு நாள்தான் மகள். உனக்குத் தெரியுந்தானே. அண்டைக்கு நாலு தரம் அவராக் கேட்டார், நான் போகல்ல. அலுத்துப் போயிட்டாக்கும். அஞ்சாந்தரம் நானாக் கேக்கக்குள்ள பொறுக்கச் சொல்லிட்டார். அதையும் மன்னிச்சிட்டன்” என்றார்.

என் கையில் சீப்பு நின்றுவிட்டது. அப்போதுதான் சொன்னேன். கரடி எவ்வளவு தூரம் என்றுதான் வாப்பாவிடம் கேட்டேன் என்று சொன்னேன்.

உம்மா திரும்பவில்லை. ஏசவுமில்லை. “அப்ப அவருக்குத் தெரியாதா?” என்றார்.

“தெரியா உம்மா.”

“ஆஸ்பத்திரியில கேட்டாரே. ஏன் சொல்லல்ல எண்டு கேட்டாரே.” குரல் என்னிடம் பேசுவதுபோல இருக்கவில்லை. “மெய்யாத்தான் கேட்டிரிக்கார்.”

பிறகு எழும்பி, தொழுகைக்கு வுளூ எடுக்கப் போனார். அசருக்கு இன்னும் நேரமிருந்தது. கிணற்றடியில் தண்ணீர் விழுகிற சத்தம் வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தது. அவர் போன இடத்துக்கு நான் போகவில்லை.

அன்று ஜீப்பில் உம்மாவிடமிருந்து ஐந்து நிமிடத்தைத்தான் எடுத்துக்கொள்கிறேன் என்று ஒன்பது வயதில் நினைத்திருந்தேன். காலையிலிருந்து நாலு இடத்தில் வேண்டாமென்று திரும்பி வந்த ஒரு பெண், ஐந்தாவதாகத் தன் வாயால் கேட்பதற்கு எவ்வளவு பாடுபட்டிருப்பார் என்று எனக்குத் தெரியாது. அப்படிப்பட்டவர் ஒரு தரம்தான் கேட்பார் என்பதும் தெரியாது.